பாரமவுண்ட் ஏர்வேஸ் ஏன் நின்றுபோனது? ஓடிய நாட்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

#1 வைகைக்கரை

ரொம்ப நாளாக மனதில் இருக்கும் கேள்வி. மதுரைப் பஞ்சாலைத் தொழில் குழுமம் ஒன்று விமான நிறுவனம் தொடங்கி, சென்னையை மையமாக வைத்து, 2005 அக்டோபரில் பறக்க ஆரம்பித்தது. நிர்வாக இயக்குநர் எம். தியாகராஜன். இந்தியாவில் அதுவரை யாரும் ஓட்டாத எம்ப்ரேயர் 170, 175 ஜெட்டுகள். மதுரை, கோவை, கொச்சி, திருவனந்தபுரம், ஹைதராபாத், விசாகப்பட்டினம் என்று தெற்கையே சுற்றிச் சுற்றிப் பறந்தது. 2010-இல் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம். மாதத்தில் மூன்று தடவை சென்னை. அதுவரை பாண்டியனில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, லாட்ஜில் குளித்து, வேலை முடித்து, மறுபடி ராத்திரி ரயில். ஒரு நாள் வேலைக்கு இரண்டு ராத்திரி தூக்கம் போகும். 2007-இல் ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு பாரமவுண்டில் போனார். ஒரு பக்கம் இரண்டு சீட், மறுபக்கம் இரண்டு சீட், நடுச்சீட்டே கிடையாது. அப்பா கொஞ்சம் பருமனானவர். பக்கத்தில் இருப்பவர்மீது முழங்கை படாமல் உட்கார்ந்து சாப்பிட்டதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். மதுரைக்காரன் விமானம் என்ற பெருமையும் அதில் இருந்தது.

நாங்கள் போன நாட்களிலெல்லாம் விமானம் நிறைந்துதான் இருந்தது. ஆள் ஏறாமல் நின்றுபோனால் புரிகிறது. ஆள் ஏறியும் எப்படி நிற்கும்?

#2 ரன்வே_25

நல்ல இழை. முதலில் அந்த விமானம் அவர்களுக்கு எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பார்க்கணும். அதில் பெரிய புத்திசாலித்தனம் இருந்தது.

நம் ஊரில் விமான எரிபொருளுக்கு மாநில அரசுகள் விற்பனை வரி போடும். தமிழ்நாட்டில் அது 29 சதவீதம். ஒரு விமான நிறுவனத்தின் செலவில் எரிபொருளே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகும்போது, அதன்மேல் 29 சதவீதம் என்றால் யோசித்துப் பாருங்கள். டர்போபிராப், அதாவது காற்றாடி வைத்த சிறிய விமானங்களுக்கு மட்டும் இந்த வரி 4 சதவீதமாக இருந்தது. 2007 பட்ஜெட்டில் ப.சிதம்பரம் அந்தச் சலுகையை நீட்டினார்: அட்டவணைப்படி பறக்கும் நிறுவனங்களில், அதிகபட்ச எடை 40,000 கிலோவுக்குக் குறைந்த எல்லா விமானங்களுக்கும் 4 சதவீதம். எம்ப்ரேயர் 170 அந்த எல்லைக்குள் வந்துவிடும். ஜெட் வேகம், காற்றாடி விமானத்தின் வரி.

அதோடு, அப்போது 80 இருக்கைக்குக் குறைந்த விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. பாரமவுண்டில் 170-க்கு 70 சீட், 175-க்கு 75 சீட். எண்ணி எண்ணிப் போட்ட கணக்கு. அதே சென்னை–மதுரையில் 180 சீட் ஏர்பஸ் ஓட்டுகிறவர் முழு வரியும் கட்டணும், தரையிறங்கவும் காசு கொடுக்கணும், 180 பேரையும் பிடிக்கணும். அன்றைய மதுரையில் காலை ஆறரைக்கு 180 பேர் எங்கே இருந்தார்கள்?

#3 கோவை_ஜன்னல்

கணக்கு சரிதான், ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. முழுக்க பிசினஸ் கிளாஸ் என்று விளம்பரம் செய்தார்கள். எம்ப்ரேயரில் உண்மையான பிசினஸ் கிளாஸ் என்றால் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று என்றுதான் சீட் போடுவார்கள். இவர்கள் போட்டது இரண்டு-இரண்டு. சாப்பாடு, உபசரிப்பு எல்லாம் நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கோவையிலிருந்து சென்னைக்கு ஒரு மணி நேரப் பயணம். அதற்கு எத்தனை பேர் கூடுதல் காசு தருவார்கள்? அதே நேரத்தில் ஏர் டெக்கான் நிறுவனம் ஏடிஆர் என்ற காற்றாடி விமானத்தில் குறைந்த விலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

என் கருத்து, அவர்கள் ஏடிஆர் வாங்கியிருக்கணும். 400, 500 கிலோமீட்டர் தூரத்துக்கு ஜெட் தேவையே இல்லை. இருபது நிமிஷம் கூட ஆகும், எரிபொருள் எவ்வளவோ மிச்சம்.

#4 குத்தகைக்கணக்கு

நான் பல வருஷம் விமானக் குத்தகை சம்பந்தப்பட்ட கணக்கு வேலை பார்த்தவன். வைகைக்கரை கேட்ட “ஆள் ஏறியும் எப்படி நிற்கும்” என்ற கேள்விக்கு என்னால் கொஞ்சம் பதில் சொல்ல முடியும். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்ன நிறுவனங்கள் பறக்கவிடும் விமானம் பெரும்பாலும் அவர்களுடையது இல்லை. வெளிநாட்டுக் குத்தகை நிறுவனத்துடையது. மாதாமாதம் வாடகை, அதுவும் டாலரில். டிக்கெட் விற்பது ரூபாயில். ஒரு பேச்சுக்கு மாத வாடகை ஒரு லட்சம் டாலர் என்று வையுங்கள். 2008 தொடக்கத்தில் டாலர் 40 ரூபாய்க்குக் கீழே இருந்தது. வாடகை 40 லட்சம்கூட இல்லை. 2009 மார்ச்சில் டாலர் 50 ரூபாயைத் தாண்டியது. அதே விமானம், அதே சீட்டு, அதே சென்னை–மதுரை. வாடகை மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் ஏறிவிட்டது. நடுவில் 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. இந்த இரண்டு அடியும் ஒரே வருஷத்துக்குள் விழுந்தன.

வாடகையோடு போகாது. பராமரிப்பு நிதி என்று தனியாக ஒன்று கட்டணும். எஞ்சின் ஓடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு, ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று குத்தகைக்காரரிடம் சேர்த்து வைக்கணும். நாளைக்கு எஞ்சினைப் பிரித்துப் பழுதுபார்க்கும்போது அதிலிருந்து எடுத்துத் தருவார்கள். குறுந்தூர விமானத்துக்கு இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. டெல்லிக்குப் போகும் விமானம் இரண்டரை மணி நேரம் பறந்து ஒரு தடவை இறங்கும். மதுரைக்கும் கோவைக்கும் போகும் விமானம் அதே நேரத்தில் இரண்டு தடவை ஏறி இறங்கிவிடும். டயர், பிரேக், சக்கரக் கால் எல்லாமே ஏறி இறங்கும் கணக்கில்தான் தேயும், எஞ்சினின் தேய்மானமும் அதோடு கூடும்.

இன்னொன்று, ஐந்து விமானம் வைத்திருப்பவருக்கு ஒன்று பழுதாகி நின்றால் அன்றைய வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. நூறு விமானம் வைத்திருப்பவர் பக்கத்து விமானத்தை நகர்த்திச் சமாளிப்பார். அதற்கு மேல், எம்ப்ரேயர் இங்கே வேறு யாரிடமும் இல்லாத விமானம். ஏர்பஸ், ஏடிஆர் என்றால் உதிரி பாகத்தைப் பக்கத்து நிறுவனத்திடம் கைமாற்று கேட்கலாம், விமானி கிடைப்பார், சான்றிதழ் உள்ள பொறியாளர் கிடைப்பார். எம்ப்ரேயருக்கு எல்லாவற்றையும் அவர்களே தயார்செய்ய வேண்டியிருந்தது. கோவை ஜன்னல் சொன்ன ஏடிஆர் யோசனையில் எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான்.

கடைசியில் பாரமவுண்டை நிறுத்தியது காலி சீட்டு இல்லை. குத்தகைக்காரர்களோடு தகராறு முற்றி, சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. விமானங்கள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போயின. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் பதிவு நீங்கிவிட்டால், ஓடுபாதையில் நின்றாலும் அது பறக்க முடியாத இரும்புதான். யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. சொந்தமில்லாத ஐந்து விமானத்தின்மேல் நின்ற நிறுவனம் அது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

#5 வைகைக்கரை

குத்தகைக்கணக்கு சார், இதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ரொம்ப நன்றி. ஏறி இறங்கும் கணக்கு விஷயம் நான் யோசித்தே பார்க்காதது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். “லாரிக்கும் அதுதானடா, லோக்கல் அடிக்கிற லாரிக்குத்தான் பிரேக் போகும்” என்றார்.

ஒன்று மட்டும் புரியவில்லை. 2009-இல் பாரிஸ் விமானக் கண்காட்சியில் பத்து ஏர்பஸ் ஏ321 வாங்கப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்களே. கையில் இருப்பதே சிரமத்தில் இருக்கும்போது ஏன்?

#6 ரன்வே_25

அந்த ஒப்பந்தத்தைப் படித்த அன்றைக்கு எனக்கும் நெஞ்சு திக்கென்றது. ஏ321-இல் 180-க்கு மேல் சீட். அதில் ஏறிய நிமிஷமே 4 சதவீத வரி போச்சு, தரையிறங்கும் கட்டண விலக்கு போச்சு. எந்தச் சலுகையின்மேல் வளர்ந்தார்களோ, அதை விட்டுவிட்டுப் பெரிய நிறுவனங்களின் களத்தில் போய் நிற்க வேண்டியதுதான்.

விஜயவாடாவிலிருந்து வந்த ஏர் கோஸ்டாவிடமும் இதையே பார்த்தேன். 2013 அக்டோபரில் தொடங்கியது. எம்ப்ரேயர் 170-இல் ஆரம்பித்து 190-க்குப் போனார்கள். 190 அந்த 40,000 கிலோ எல்லையைத் தாண்டிவிடும். 2014 பிப்ரவரியில் சிங்கப்பூர் கண்காட்சியில் 50 புதிய எம்ப்ரேயர்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அப்போது கையில் இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய விமானங்கள். 2017 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு பறப்பது நின்றது. அந்த 50-இல் ஒன்றுகூட அவர்கள் பெயரில் வந்து இறங்கவில்லை.

#7 பழைய_மீனம்பாக்கம்

இளைஞர்கள் பேசுவதைப் படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. இதற்கும் முந்தைய கதை ஒன்று சொல்கிறேன். என்இபிசி ஏர்லைன்ஸ், 1993. சென்னையில் காற்றாலைத் தொழில் செய்துகொண்டிருந்த குழுமம் தொடங்கியது. ஃபோக்கர் எஃப்27, இறக்கை மேலே வைத்த பழைய காற்றாடி விமானங்கள். சின்ன ஊர்களை இணைத்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஜன்னல் பெரிது, நீள்வட்டம். மழைக்காலத்தில் ஏரிகளை எண்ணிக்கொண்டே வரலாம்.

1995-இல் ஜெட் வைத்திருந்த டமானியா ஏர்வேஸை வாங்கினார்கள். சின்ன ஊர்ச் சேவையிலிருந்து பம்பாய், டெல்லி பக்கம் ஒரே தாவல். 1997-இல் இரண்டும் சேர்ந்து நின்றுபோயின. ரன்வே தம்பி சொன்னது பாரமவுண்டுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே நடந்துவிட்டது.

#8 செல்வி_கிரவுண்ட்

வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு சின்ன விமான நிறுவனத்தில் கவுன்ட்டரிலும் போர்டிங் கேட்டிலுமாக வேலை பார்த்தவள் நான். இந்த இழையில் பேசப்படும் எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், பெயர் வேண்டாம்.

நிற்கப்போகிறது என்பது எங்களுக்குக் கணக்குப் புத்தகத்தில் தெரியாது. எண்ணெய் வண்டியில்தான் தெரியும். நல்ல நாளில் விமானம் வந்து நின்றதும் எண்ணெய் கம்பெனி வண்டி தானாக வந்து குழாயை மாட்டும். பில் மாதக் கடைசியில். ஒரு நாள் வண்டி வந்து பத்தடி தள்ளி நிற்கும், குழாயை எடுக்காது. “பணம் வந்துருச்சான்னு மேடம் கேக்கிறாங்க” என்று டிரைவர் சொல்வார். கடன் நிறுத்தப்பட்டு, கையில் காசு கொடுத்தால்தான் எண்ணெய் என்று ஆகிவிட்டது என்று அர்த்தம். தலைமை அலுவலகத்திலிருந்து பணம் அனுப்பி, அது வங்கியில் ஏறி, எண்ணெய் கம்பெனிக்குத் தகவல் போய், அவர்கள் வண்டிக்குச் சொல்லும்வரை நாங்கள் பயணிகளிடம் “ஆபரேஷனல் ரீசன்” என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

ஒரு காலையில் ஐம்பத்து நாலு பேர் கேட்டில். கைக்குழந்தையோடு ஒரு பெண், ஒரு பெரியவர் ஆஸ்பத்திரி ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குழாயை மாட்டினார்கள். அந்தப் பெரியவர் எழுந்து வந்து, “ஏம்மா, நீ காலைல சாப்பிட்டியா?” என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சம்பளம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

விமானத்தைக் கொடுத்தவருக்கு நீதிமன்றம் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது. எங்கள் பி.எஃப். பணத்துக்கு நாங்கள் அலைந்தது தனிக்கதை. ஒரு நிறுவனம் ஏன் விழுந்தது என்று எழுதும்போது தயவுசெய்து எங்களையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

#9 வைகைக்கரை

செல்வி அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. எழுதியதற்கு நன்றி. பாக்கி கடைசியில் வந்ததா?

#10 செல்வி_கிரவுண்ட்

சம்பளத்தில் பாதி வந்தது தம்பி. மீதி வரவில்லை. நான் இப்போது வேறு நிறுவனத்தில் நன்றாகத்தான் இருக்கிறேன்.

#11 கோவை_ஜன்னல்

செல்வி மேடத்துக்கு வணக்கம்.

நான் மூன்றாவது பதிவில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஏடிஆர் வாங்கியிருந்தால் பிழைத்திருக்கும் என்றேன். எங்கள் ஊரிலேயே ஏர் கார்னிவல் என்று ஒன்று வந்தது. 2016 ஜூலையில் கோவை–சென்னை முதல் விமானம், ஏடிஆர் 72 தான். 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது. ஒரு வருஷம்கூட இல்லை. பெங்களூருவில் ஏர் பெகாசஸ், அதுவும் ஏடிஆர். 2015 ஏப்ரலில் ஹூப்ளிக்குத் தொடங்கி 2016 ஜூலையில் நின்றது. குத்தகைக்காரர்கள் கேட்டு விமானங்களின் பதிவு நீக்கப்பட்டது. ஆக, எந்த விமானம் என்பதைவிட எத்தனை விமானம், எவ்வளவு கைக்காசு என்பதுதான் முக்கியம் போல.

#12 குத்தகைக்கணக்கு

பெகாசஸ் பற்றி ஒரு குறிப்பு. பாரமவுண்ட் காலத்துக்கும் அதற்கும் நடுவே சட்டம் மாறியது. குத்தகைக்காரர் தன் விமானத்தைத் திரும்ப எடுக்க உரிமை தரும் சர்வதேச ஒப்பந்தமான கேப்டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008-இல் சேர்ந்தது, ஆனால் நடைமுறையில் விமானத்தைத் திரும்ப எடுப்பது பெரும்பாடாகவே இருந்தது. கிங்ஃபிஷர் 2012-இல் நின்றபோது குத்தகைக்காரர்கள் பட்ட பாட்டைத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கவில்லை. 2015-இல் விதியைத் திருத்தினார்கள். உரிய அதிகாரப் பத்திரத்தோடு குத்தகைக்காரர் விண்ணப்பித்தால் ஐந்து வேலை நாளில் பதிவை நீக்கணும். 2023-இல் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனத்தின் திவால் வழக்கில் மறுபடி சிக்கல் வந்து, 2025-இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்துவிட்டது.

இது நல்லதா என்று கேட்டால், பெரிய நிறுவனங்களுக்கு நல்லது. விமானம் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் வாடகை குறையும். சின்ன நிறுவனத்துக்கோ இரண்டு மாதம் தட்டுப்பாடு வந்தால் மூச்சு விட நேரமில்லை. மூன்று விமானம் வைத்திருப்பவரிடம் ஐந்து நாளில் இரண்டு போய்விட்டால் என்ன மிஞ்சும்? நான் குத்தகைப் பக்கம் வேலை பார்த்தவன்தான், ஆனாலும் சொல்கிறேன்: தொடங்க உரிமம் கொடுக்கும்போதே ஆறு மாத வாடகைக்கும் சம்பளத்துக்கும் கைக்காசு தனியாக இருக்கிறதா என்று அரசு கறாராகப் பார்க்கணும். செல்வி எழுதியதைப் படித்த பிறகு இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

#13 சேலம்_ஐந்துரோடு

சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதன் பலனும் கஷ்டமும் இரண்டையும் பார்த்த ஊர் எங்களுடையது. 2018 மார்ச்சில் ட்ரூஜெட் சேலம்–சென்னை ஏடிஆர் விட்டது. உடான்படி அப்போது பாதி சீட்டுக்கு ஒரு மணி நேரப் பயணம் 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு, நஷ்டத்துக்கு அரசு மூன்று வருஷம் ஈடு கொடுக்கும், அந்த மூன்று வருஷமும் அந்தத் தடத்தில் போட்டி கிடையாது. எங்கள் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்துக்கு நான் ஒரு தடவை அம்மாவை வழியனுப்பப் போனபோது, கையில் மாம்பழப் பெட்டியோடு நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

நடுவில் கொரோனா. அப்புறம் 2022-இல் ட்ரூஜெட்டே நின்றுவிட்டது. எங்கள் விமான நிலையத்தில் மறுபடி புல் வளர்ந்தது. 2023 அக்டோபரில்தான் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. இண்டிகோவும் இப்போது ஏடிஆர் ஓட்டுகிறது. நூற்றுக்கணக்கான விமானம் உள்ள நிறுவனத்துக்குச் சேலம் நஷ்டமானாலும் தாங்கும். அதனால் எனக்கு நிம்மதிதான். ஆனால் நஷ்டம் என்று அவர்களும் ஒரு நாள் கிளம்பிவிட்டால், வேறு யார் வருவார்கள்?

#14 ரன்வே_25

சேலம், அதுதான் நிஜமான கேள்வி. பழைய மீனம்பாக்கம் ஐயா சொன்ன என்இபிசி காலத்திலிருந்து பார்க்கிறேன், தடத்தைக் கண்டுபிடிப்பது சின்ன நிறுவனம். காலை விமானத்துக்கு மதுரையில் ஆள் உண்டு என்று காட்டியது பாரமவுண்ட் மாதிரியான ஆட்கள். கூட்டம் சேர்ந்ததும் பெரிய நிறுவனக்காரர் அதே நேரத்தில் ஒரு விமானத்தைப் போடுவார், விலையைக் குறைப்பார். அப்போது சின்னவர் என்ன செய்வார்? அதே சீட்டுக்கு அடித்துக்கொள்ளணும், இல்லாவிட்டால் பெரிதாகணும். ஏ321 ஒப்பந்தத்தைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். வேறு வழி தெரியாமல் எடுத்த முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

#15 பழைய_மீனம்பாக்கம்

முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை தம்பி. சின்னதாகவே இருந்து லாபம் பார்க்க ஒரு ஐந்து வருஷம் பொறுமை வேண்டும். என்இபிசியும் பொறுக்கவில்லை, இவர்களும் பொறுக்கவில்லை. பெரியவர் நெருக்கினார் என்பது உண்மை. ஆனாலும் கையில் இருந்த வண்டிக்கு எண்ணெய் போட்டுவிட்டுத்தான் அடுத்த வண்டியைப் பார்க்கணும்.

#16 நெல்லை_புதுசு

இழையை முழுக்கப் படித்தேன், நிறையத் தெரிந்துகொண்டேன். ஒரு சின்ன சந்தேகம். அடுத்த மாதம் அம்மாவை ஒரு சின்ன கம்பெனி ஏடிஆரில் கூட்டிப் போகணும். அம்மாவுக்கு முதல் விமானம், முட்டி வலி வேறு. இதையெல்லாம் படித்த பிறகு பயமாக இருக்கிறது. டிக்கெட் போடலாமா?

#17 செல்வி_கிரவுண்ட்

தாராளமாகப் போடுங்கள். பறப்பது பாதுகாப்பா என்ற பயம் வேண்டாம், அதற்கான சோதனை எல்லாருக்கும் ஒன்றுதான். பணத்தில் மட்டும் கவனமாக இருங்கள். கிரெடிட் கார்டில் போடுங்கள். சேவை நின்றுபோனால் வங்கி மூலமாகப் பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஆறு மாதம் முன்னாடி ஆஃபரில் வாங்கி வைக்காதீர்கள். ஆஸ்பத்திரி, கல்யாணம் மாதிரி நாள் தவறக்கூடாத பயணம் என்றால் முந்தின நாளே போய்ச் சேர்கிற மாதிரி போடுங்கள்.

ஏடிஆரில் ஏறும் கதவு பின்பக்கம் இருக்கும், படியும் சில படிகள்தான். முட்டி வலி என்றால் பின் வரிசை கேளுங்கள், உள்ளே ரொம்ப நடக்க வேண்டாம். இறக்கை மேலே இருப்பதால் அங்கிருந்து கீழே நன்றாகத் தெரியும். அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள், கவுன்ட்டரில் வந்து சொன்னால் எங்களுக்கு ஆள் தேடணும்.

#18 நெல்லை_புதுசு

போட்டுவிட்டேன் அக்கா. 18ஏ. நாற்காலியும் சொல்லிவிட்டேன்.